அறுநூறு ரூபாய் வீடும் நூற்றைம்பது ரூபாய் மகளும்

அந்தக் காலத்து நூறு ரூபாய் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டால் அவரிடமிருந்து உடனே பதில் வராது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேட்டவரைச் செருப்பிலிருந்து தலைவரை ஒருமுறை பார்ப்பார். பிறகு கேட்பார்:

"எதுக்குக் கேக்கறீங்க? பெருமைக்கா, வழக்குக்கா, தெரிஞ்சுக்கவா?"

பெருமைக்கு என்றால் பவுனில் கணக்குப் போட்டுத் தருவார். பெரிய எண் வருவது அதில்தான். வழக்குக்கு என்றால் வக்கீலிடம் போகச் சொல்லிவிடுவார். தெரிந்துகொள்ள என்றால்தான் உட்காரச் சொல்வார். உட்கார்ந்தவருக்கு மோர் வரும். அந்த மோரில் உப்பு கொஞ்சம் தாராளம். தெரிந்துகொள்ளும் ஆசை உண்மையா என்று சோதிக்கத்தான் அப்படிப் போடுகிறார் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

தென்னூரில் எங்கள் தெருவின் கடைசியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தார். பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். காய்கறி வண்டிக்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர், அடுத்த வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் அவர் மேடம். அவருடைய கணவருக்கும் மேடம்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே வந்தவர்களை எச்சரிப்பார். "மேடம்கிட்ட மணி கேட்டுடாதீங்க சார். எந்த ஊரு மணின்னு கேப்பாங்க."

எனக்கு மேடம் அறிமுகமானது என் புகழால். வாரப் பத்திரிகை ஒன்றில் நான் நகைச்சுவை என்ற பெயரில் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். விஷயம் வறண்டுபோன ஒரு வாரத்தில் கொள்ளுத்தாத்தாவைத் தோண்டி எடுத்தேன். லால்குடிப் பக்கத்தில் நிலமும் நெல் வியாபாரமுமாக இருந்தவர். கடைசிக் காலத்தை ரங்கநாதருக்குப் பக்கத்தில் கழிக்க ஆசைப்பட்டு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் வீடு வாங்கி, அடுத்த வருஷமே உயிலும் எழுதி, ஆசைப்பட்டபடியே கழித்தும் விட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்த உயிலில் அவர் வைத்துப்போன ரொக்கம் மூவாயிரம். அன்று பவுன் பதினைந்து ரூபாய். ஆக இருநூறு பவுன். அதை நான் எழுதிய வருஷத்துப் பவுன் விலையால் பெருக்கி, கொள்ளுத்தாத்தா அரைக்கோடிக்கு அதிபதி என்று எழுதிவிட்டேன். அந்த அரைக்கோடியில் எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய மூக்கு மட்டும்தான் என்பது கட்டுரையின் நகைச்சுவை.

கட்டுரை வந்த வாரம் காய்கறி வண்டியில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மையார் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காயை எடுத்து என்னை நோக்கி நீட்டினார்.

"நீங்கதானே கொள்ளுத்தாத்தாவ அரைக்கோடீஸ்வரர் ஆக்கினவரு?"

நான் அடக்கமாகச் சிரித்தேன். வாசகர்களிடம் அப்படித்தான் சிரிக்க வேண்டும் என்று பழகி வைத்திருந்தேன்.

"பவுன்ல போட்டா அரைக்கோடி. நெல்லுல போட்டா கடன் இல்லாம சாப்பிடற குடும்பம், அவ்வளவுதான். கூலியில போட்டா நாலு ஊரு ஆள வேலைக்கு வெக்கற மனுஷன். மூணு பேரும் ஒருத்தர்தான். நீங்க அதுல நல்லா நகை போட்டிருக்கறவரா பாத்துக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"அப்ப எதுதான் மேடம் சரி?"

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். அந்தக் கேள்வியை நான் முதல்முறை கேட்டது முருங்கைக்காய்களுக்கு நடுவில். தெரிந்துகொள்ள என்றேன். அன்று மாலையே மோர் குடிக்க நேர்ந்தது.

அவரோடு கடைக்குப் போவது சிரமம். என் மனைவி ஒருமுறை பட்டுப்புடவை எடுக்கத் துணைக்கு அழைத்துப் போனாள். விலைச் சீட்டைப் பார்த்ததும் மேடம், புடவையை விரித்துக் காட்டிய பெண்ணிடம் கேட்டாராம்: "உனக்கு இங்க மாசம் எவ்வளவும்மா தராங்க?" அந்தப் பெண் சொன்னாள். மேடம் மனதில் வகுத்துவிட்டு, "இது உன்னோட ரெண்டரை மாசம்," என்றார். புடவை மடிக்கப்பட்டது. என் மனைவி அன்று பருத்திப் புடவையோடு வீடு திரும்பினாள். அவருடைய சேவையை அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கென்னவோ அவர்மேல் மதிப்புக் கூடியது. பருத்திப் புடவையின் விலை அதற்கு ஒரு காரணம் என்று மனைவி சொல்வதை நான் மறுக்கவில்லை.

இந்த மாதிரி ஆளிடம் உயிலைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். வேறு யாரிடம் போவது? வங்கியில் கேட்டால் இன்றைய வட்டியைச் சொல்வார்கள். நகைக்கடையில் கேட்டால் நகையைக் காட்டுவார்கள். ஒருவர் சொல்லி ஒருவராக அவரிடம்தான் வந்தார்கள்.

துறையூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவருடைய பாட்டனார் ஊர்க் கோயிலில் நித்திய விளக்கு எரிய ஐம்பது ரூபாய் உயில் எழுதியிருக்கிறார். கோயிலில் சலவைக்கல் பதிக்கப் போகிறார்கள். ஐம்பது ரூபாய் என்று வெட்டினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்களே, இன்றைய மதிப்பையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்பது பேரனின் யோசனை.

"அதே உயில்ல வேற எதுக்கெல்லாம் பணம் வெச்சிருக்காரு?" என்று கேட்டார் மேடம்.

"அது எதுக்குங்க? நமக்கு விளக்கு மட்டும் போதும்."

"அந்தக் காகிதத்துலதாங்க விலை இருக்கு. வெளிய தேடினா கிடைக்காது."

வியாபாரி தயங்கித் தயங்கி உயிலின் நகலை எடுத்தார். மேடம் விரலை வைத்து வாசித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். பெரியவர் தன் கருமாதிச் சாப்பாட்டுக்கு நூற்றிருபது ரூபாய் ஒதுக்கியிருந்தார்.

"கருமாதியில ஒரு வேளை சாப்பாடு போட்டா என்ன செலவாகும்னு உங்களுக்குத் தெரியும். அதுல பாதிக்கும் கம்மி, சாமிக்கு. கல்லுல அப்படியே போட்டுக்கலாம்."

வியாபாரி மோரை முடிக்காமல் எழுந்தார். பிற்பாடு அந்தப் பக்கம் போனபோது கோயிலுக்குள் போய்ப் பார்த்தேன். கல் இருந்தது. ஐம்பது ரூபாய் என்று மட்டும் வெட்டியிருந்தார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

அவருடைய முறை அவ்வளவுதான். உயில் எழுதியவர் அதே கையால், அதே மனநிலையில், வேறு எதற்கு என்ன வைத்தார் என்று பார். அவர் எதை எதற்கு மேலே வைத்தார் என்பது தெரிந்துவிடும். இன்றைக்கு எவ்வளவு என்று கேட்காதே, அவருக்கு எவ்வளவு என்று கேள். இதைச் சொல்வது சுலபம். தன் சொந்தத் தாத்தா விஷயத்தில் கேட்டுக்கொள்வதுதான் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டை விற்கும் நேரம் வந்தது. எனக்கும் அண்ணனுக்கும் பொதுச் சொத்து. வாங்குபவர் முன்பணம் கொடுத்துவிட்டார். நான் அந்தப் பணத்தை நம்பி ஒரு ஃப்ளாட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன். அப்போது வாங்குபவரின் வக்கீல் ஒரு முட்டுக்கட்டை போட்டார். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு மகள் உண்டே, அந்த வழியில் யார் இருந்தாலும் பத்திரத்தில் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். உயில்படி வீடு மகனுக்கு என்று காட்டினோம். இருந்தாலும் கையெழுத்து வேண்டும் என்றார்.

அந்த வழியில் இருந்தவர் ஒரே ஒருவர்: லால்குடிப் பெரியம்மா. அந்த மகளின் மகள். என் அப்பாவுக்கு முறைப்பெண். இருவருக்கும் கல்யாணம் பேசி நின்றுபோனதில் தப்பித்தது யார் என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி உண்டு. எண்பது வயது, ஒரு கண்ணில் புரை, இன்னும் தானே பால் கணக்கு எழுதுபவர். அண்ணன் கையெழுத்து கேட்டுப் போனபோது காபி கொடுத்தார், கையெழுத்து கொடுக்கவில்லை.

"நூத்தம்பது ரூபாயக் குடுத்து எங்கம்மாவ ஒதுக்கின வீடு. அதுல எதுக்குடா என் கையெழுத்து? எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க, 'எங்கப்பா எனக்கு நூத்தம்பதுதான் வெச்சாரு'ன்னு. ரெண்டு புள்ளையில ஒண்ண இளப்பமா நெனச்ச மனுஷன் அவரு."

அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. அது எங்களுக்குத் தெரியும். பணம் கேட்டிருந்தால் பேரம் பேசியிருக்கலாம். இதற்கு என்ன பேரம்?

எனக்கு ஒரு யோசனை வந்தது. நூற்றைம்பது அந்தக் காலத்தில் பெரும் பணம் என்று நானும் அண்ணனும் சொன்னால் பெரியம்மா நம்ப மாட்டார். பொருளாதாரம் படித்தவர் சொன்னால் நம்புவார். மேடத்திடம் அழைத்துப் போகலாம், பவுன் கணக்கைச் சொல்ல வைக்கலாம், கையெழுத்தை வாங்கலாம். லால்குடியிலிருந்து கார் ஏற்பாடு செய்தேன்; அண்ணனும் கூட வந்தான். வழியெல்லாம் பெரியம்மாவிடம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டால் தெரிந்துகொள்ள என்று சொல்லுங்கள் என்று பாடம் நடத்திக்கொண்டு வந்தேன்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எங்க தாத்தாவுக்கு எங்கம்மான்னா இளப்பமான்னு தெரியணும்."

மேடம் கண்ணாடியை மறுபடி மூக்குக்கே இறக்கினார். அவருடைய மூன்று வகையில் எதிலும் இது அடங்கவில்லை. அந்த இடைவெளியில் நான் புகுந்தேன்.

"பெரியம்மா, அன்னைக்குப் பவுன் பதினஞ்சு ரூபாய். நூத்தம்பதுன்னா பத்துப் பவுன். பத்துப் பவுன் இன்னைக்கு..."

"பத்துப் பவுனா? எங்கம்மா கழுத்துல மஞ்சக் கயிறத் தவிர நான் எதுவும் பாத்ததில்லடா."

மேடம் நான் கொண்டுவந்திருந்த உயில் நகலை வாங்கி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த வீட்ட உங்க கொள்ளுத்தாத்தா என்ன விலைக்கு வாங்கினாரு? உயில்லயே எழுதியிருக்காருல்ல?"

"ஆமா மேடம், அறுநூறு ரூபாய்," என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் யார் அந்த அறுநூறைச் சொன்னாலும் சிரித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை.

"ஏன் சிரிக்கறீங்க?"

"இல்ல, அறுநூறு ரூபாய்க்கு ஒரு வீடு. அப்பல்லாம் அவ்வளவு மலிவு."

"சரி. பொண்ணுக்கு?"

"நூத்தம்பது. ஆனா அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய..."

வாக்கியம் பாதியில் நின்றது. அதை நிறுத்தியது நான் இல்லை. அதுவே வெட்கப்பட்டு நின்றுகொண்டது.

"ஒரே ஆளு, ஒரே பேனா, ஒரே காகிதம்," என்றார் மேடம். "வீட்டுக்குக் குடுத்த ரூபாய் சில்லறை, பொண்ணுக்குக் குடுத்த ரூபாய் மட்டும் பெரிய பணமா? உங்க குடும்பத்துல ரூபாய் ரெண்டு சைஸ்ல வருது போலிருக்கு."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. அண்ணன் ஜன்னல் வழியாக எதையோ கவனமாகப் பார்த்தான்.

மேடம் பெரியம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, அறுநூறுல நூத்தம்பது எவ்வளவு?"

பால் கணக்கு எழுதுபவருக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "கால்."

"கால் வீடு. உங்கம்மாவுக்கு அவரு வெச்சது கால் வீடு. அப்ப பொண்ணுக்குச் சொத்துல குடுத்தே ஆகணும்னு யாரும் அவரு கழுத்துல கத்தி வெக்கல. நிலம் பூராப் பையனுக்குத்தான், ரொக்கத்துல மீதியும் பையனுக்குத்தான். அதையும் சொல்லிடறேன். ரெண்டு புள்ளையையும் சமமா வெச்சாருன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இளப்பமா நெனச்சவரு கால் வீட்டுப் பணத்த எழுதமாட்டாரு. இந்தக் காகிதம் அவ்வளவுதாம்மா சொல்லுது."

பெரியம்மா மோரை எடுத்து மெதுவாகக் குடித்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாத முதல் விருந்தாளி அவர்தான்.

"கால் வீடு," என்றார். பிறகு, "அப்ப எங்கம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

மேடம், "அந்தப் பணம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"எங்கப்பா வாங்கி நெல் யாவாரத்துல போட்டாராம். ரெண்டு போகத்துல போச்சு. ஊருக்கே தெரியும்." டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கம்மா அத ஒரு நாளும் வாய் விட்டுச் சொன்னதில்ல. பக்கத்துல இருக்கற புருஷன எப்படிச் சொல்றது? செத்துப்போன அப்பன்னா திருப்பிக் கேக்கமாட்டாரு."

அப்போதுதான் அண்ணன் என் காதருகே குனிந்து, "கால் வீட்டக் கேட்டுட்டா என்னடா பண்றது?" என்று கிசுகிசுத்தான். நானும் அதே வகுத்தலைத்தான் செய்துகொண்டிருந்தேன். கால் வீடு போனால் என் ஃப்ளாட்டில் எத்தனை அறை மிஞ்சும் என்று.

"எனக்குக் கண்ணுலதான்டா புரை. காது நல்லாத்தான் இருக்கு," என்றார் பெரியம்மா. "உங்க வீடு எனக்கு வேணாம். என் பங்க எங்கப்பா தின்னுட்டாரு. கையெழுத்துப் போடறேன். ஆனா பத்திரத்துல அத எழுதணும்."

"எதப் பெரியம்மா?"

"எங்க தாத்தா எங்கம்மாவுக்குக் கால் வீட்டுக்குண்டான பணத்தக் குடுத்தாருன்னு."

வக்கீல் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கால் என்ற வார்த்தை பத்திரத்தில் வந்தால் நாளைக்கு எவனாவது முக்காலைப் பற்றிக் கேட்பான் என்றார். நானும் அண்ணனும் பேசித் தோற்றுப்போனோம். கடைசியில் மேடம் எங்களோடு வக்கீலின் அலுவலகத்துக்கு வந்தார். பொதுவாக வழக்கு என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் மனுஷி, அன்று படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"குடுக்கணும்னா எழுதச் சொல்றோம் சார்? வாங்கியாச்சுன்னு எழுதச் சொல்றோம். வாங்கினவங்க வாரிசே சொல்றாங்க. இதவிட உங்க பார்ட்டிக்கு என்ன பாதுகாப்பு வேணும்?"

வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அட்வகேட்டா மேடம்?"

"எகனாமிக்ஸ்."

"அப்ப சரி," என்றார் வக்கீல். எது சரி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாக்கியம் பத்திரத்தில் ஏறியது.

மேடம் அதன்பின் ஒரு சில வருஷங்களில் மகளோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரையாவது எதுக்குக் கேக்கறீங்க என்று மராத்தியில் கேட்டுக்கொண்டிருப்பார். தென்னூர் வீட்டில் இப்போது பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறார். மேடத்தை நினைக்கும்போது எனக்கு அந்த மோரோ முருங்கைக்காயோ நினைவுக்கு வருவதில்லை. பத்திரம் பதிந்த நாளன்று பதிவு அலுவலகத்தில் பெரியம்மாவின் பக்கத்தில் அவர் நின்ற நிலைதான் வருகிறது. சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்தார்.

அலுவலகத்தில் நல்ல முகூர்த்த நாள் கூட்டம். அதிகாரி பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?"

"கண்ணு தெரியாது. படிச்சுக் காட்டுங்க."

அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு அவருக்குண்டான பத்தியை மட்டும் வேகமாக வாசித்தார். "மேற்படி வீட்டின் கிரயத் தொகையில் கால் பங்குக்குச் சமமான தொகையை என் தாயார் தம் தகப்பனாரிடமிருந்து உயில் மூலம் அந்நாளிலேயே பெற்றுக்கொண்டபடியால்..." முடித்துவிட்டு, "சரிதானேம்மா?" என்றார்.

"இன்னொரு தடவ படிங்க."

"பின்னாடி எவ்வளவு பேரு நிக்கறாங்க பாருங்கம்மா. நேரமில்ல."

பெரியம்மா நகரவில்லை. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் கூட்டத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றேன். மேடம் மேஜைப் பக்கமாக ஓர் அடி முன்னால் வந்தார்.

"கொஞ்சம் மெதுவா படிங்க சார்," என்றார்.

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இந்த முறை வார்த்தை வார்த்தையாக வாசித்தார். 'கால் பங்கு' வந்தபோது பெரியம்மா தலையை அசைத்து, "ம்," என்றார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.